மின்னணு சிகரெட்டின் வோல்ட் அளவும் பேட்டரியும்: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

"வோல்ட் அளவைக் குறைத்து வைத்துக்கொண்டால் கெடுதல் குறைவுதானே, டாக்டர்?" மின்னணு சிகரெட் பயன்படுத்துவதை மருத்துவரிடம் ஒப்புக்கொள்ளும் நோயாளிகளில் பலர் அடுத்ததாகக் கேட்பது இதைத்தான். உடன் வந்திருக்கும் தாயோ மனைவியோ வேறொன்றைக் கேட்பார்: "சார்ஜ் போடும்போது அது வெடிக்குமாமே, உண்மையா?" இரண்டும் நியாயமான கேள்விகள். இரண்டுக்கும் விடை அந்தக் கருவியின் பேட்டரியில் இருக்கிறது.

வேப், இ-சிகரெட், வேப் பேனா என்று பல பெயர்களில் அழைக்கப்படும் இக்கருவிகளின் விற்பனை இந்தியாவில் தடை செய்யப்பட்டுள்ளது. ஆயினும் கடத்தி வரப்பட்ட கருவிகள் பலருடைய கைகளிலும், அவர்கள் வழியாகப் பல வீடுகளிலும் இருக்கின்றன. ஆகவே அவற்றின் பேட்டரி எவ்வாறு இயங்குகிறது, வோல்ட் அளவு உடலுக்கு என்ன செய்கிறது, விபத்து நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும், பழக்கத்திலிருந்து எவ்வாறு விடுபடலாம் என்பவற்றை இந்தப் பக்கம் விளக்குகிறது.

முக்கியக் குறிப்புகள்

• வோல்ட் அளவு கூடும்போது நிகோடினும் நச்சுப் பொருள்களும் புகையில் கூடுகின்றன.
• வோல்ட் அளவைக் குறைப்பவர்கள் பெரும்பாலும் அதிக நேரம், அதிக முறை இழுத்து அதை ஈடுசெய்துவிடுகிறார்கள். பாதுகாப்பான அளவு என்று எதுவும் நிறுவப்படவில்லை.
• இக்கருவியில் உள்ள லித்தியம் அயான் பேட்டரி தீப்பிடிக்கவும் வெடிக்கவும் கூடியது. சட்டைப்பையிலும் சார்ஜ் ஏற்றும் இடத்திலும் கூடுதல் எச்சரிக்கை தேவை.
• வீட்டில் ஆக்சிஜன் சிகிச்சை பெறுபவர் இருந்தால் இக்கருவி அந்த அறைக்குள் இருக்கவே கூடாது.
• நிகோடின் பழக்கத்தைக் கைவிட மருந்தும் ஆலோசனையும் உண்டு. தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண் 1800-11-2356. இது கட்டணமில்லாச் சேவை.

கருவிக்குள் நடப்பது என்ன?

ஒரு பேட்டரி, ஒரு கம்பிச்சுருள், ஒரு பஞ்சுத் திரி, சிறிதளவு திரவம் ஆகியவையே மின்னணு சிகரெட்டின் உறுப்புகள். திரவத்தில் புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரால், நிகோடின், சுவையூட்டிகள் ஆகியவை கலந்திருக்கும். பயன்படுத்துபவர் வாயால் இழுக்கும்போதோ பொத்தானை அழுத்தும்போதோ பேட்டரியிலிருந்து மின்சாரம் கம்பிச்சுருளில் பாய்கிறது. சுருள் சூடாகித் திரியில் ஊறியிருக்கும் திரவத்தை ஆவியாக்குகிறது. அந்த ஆவி குளிர்ந்து நுண்ணிய துளிகளாகி நுரையீரலுக்குள் செல்கிறது. இதை நீராவி என்று பலரும் எண்ணுகிறார்கள். அது தவறு. சூடாக்கப்பட்ட வேதிப்பொருள்களின் நுண்துளிகளே உள்ளே செல்கின்றன.

சுருள் எவ்வளவு சூடாகும் என்பதை இரண்டு எண்கள் முடிவு செய்கின்றன. ஒன்று வோல்ட், அதாவது மின்னழுத்தம். மற்றொன்று ஓம், அதாவது சுருளின் மின்தடை. வோல்ட் எண்ணை அதே எண்ணால் பெருக்கி, வரும் விடையை ஓம் எண்ணால் வகுத்தால் வாட் அளவு கிடைக்கும். சுருளில் ஒவ்வொரு நொடியும் வெப்பமாக மாறும் ஆற்றல் அதுவே.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். சுருளின் மின்தடை 1.8 ஓம் என்று கொள்வோம். 3.2 வோல்ட்டில் அது ஏறக்குறைய 5.7 வாட் வெப்பத்தைத் தருகிறது. அதே சுருளில் 4.8 வோல்ட் வைத்தால் 12.8 வாட் வருகிறது. வோல்ட் ஒன்றரை மடங்குதான் கூடியது. வெப்பமோ இரண்டேகால் மடங்கு கூடிவிட்டது. விசைக் குமிழைச் சற்றே திருப்புவது சிறிய மாற்றமாகத் தோன்றினாலும் அதன் விளைவு சிறியதாக இருப்பதில்லை.

வோல்ட் கூடினால் புகையில் என்ன மாறுகிறது?

முதலாவதாக, அதிகத் திரவம் ஆவியாகிறது. எனவே ஒவ்வோர் இழுப்பிலும் உடலுக்குள் செல்லும் நிகோடின் கூடுகிறது. நிகோடின் இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் உயர்த்துகிறது. இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. அளவு கூடக்கூடப் பழக்கத்தின் பிடியும் இறுகுகிறது. இதய நோயாளிகளும் உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களும் கருவுற்ற பெண்களும் இதைச் சிறப்பாகக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

இரண்டாவதாக, திரவமே சிதையத் தொடங்குகிறது. விளக்கில் எண்ணெய் வற்றினால் திரி கருகிப் புகைவதைப் பார்த்திருப்பீர்கள். சுருளின் வெப்பத்துக்கு ஈடாகத் திரவம் திரியில் ஊறி வராதபோது இங்கும் அதுவே நிகழ்கிறது. புரோப்பிலீன் கிளைக்காலும் கிளிசராலும் உடைந்து ஃபார்மால்டிஹைடு, அசிட்டால்டிஹைடு, அக்ரோலின் போன்ற பொருள்கள் உண்டாகின்றன. ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. அக்ரோலின் மூச்சுக்குழாயின் உட்சுவரைக் கடுமையாக எரிச்சலூட்டும். ஆஸ்துமாவும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயும் உள்ளவர்களுக்கு அந்த எரிச்சலே மூச்சுத்திணறலைத் தூண்டப் போதுமானது.

2014ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில் கருவியின் வோல்ட் அளவை 3.2 இலிருந்து 4.8 ஆக உயர்த்தி, வெளிவந்த புகையைச் சோதித்தார்கள். ஃபார்மால்டிஹைடு, அசிட்டால்டிஹைடு, அசிட்டோன் ஆகியவற்றின் அளவு 4 மடங்கு முதல் 200 மடங்குக்கும் மேலாக உயர்ந்தது. உயர் வோல்ட்டில் வெளிவந்த ஃபார்மால்டிஹைடின் அளவு, சாதாரண சிகரெட் புகையில் காணப்படும் அளவை எட்டியது. 2015இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஃபார்மால்டிஹைடை வெளியிடக்கூடிய சேர்மங்களைப் புகையில் தேடினார்கள். 3.3 வோல்ட்டில் அவை தென்படவில்லை; 5 வோல்ட்டில் தென்பட்டன.

இந்த ஆய்வுகள் மீது மறுப்பும் எழுந்தது. அவ்வளவு சூட்டில் திரி கருகி, புகை கசந்து தொண்டையைச் சுடும். அப்படியொரு புகையை யாரும் தொடர்ந்து இழுக்க மாட்டார்கள் என்று வேறு ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். அந்த வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் நாக்கை மட்டும் நம்பி உடலைக் காக்க முடியாது. சிதைவு தொடங்குவது சுவை மாறிய பிறகுதான் என்று கொள்ள இயலாது. கடுமையான பழச்சுவையும் குளிர்ச்சி தரும் பொருளும் கலந்த திரவத்தில் இலேசான கருகல் தெரியாமலும் போகலாம்.

மேலும், சுருளிலிருந்து வரும் உலோகங்களை நாக்கு உணராது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், அன்றாடம் மின்னணு சிகரெட் பயன்படுத்தும் 56 பேருடைய கருவிகளைச் சோதித்தார்கள். சுருளைத் தொடாத திரவத்தில் மிகக் குறைவாக இருந்த ஈயம், குரோமியம், நிக்கல் போன்ற உலோகங்கள், சுருளைத் தொட்டுச் சூடாகி வந்த புகையில் கூடுதலாக இருந்தன.

அப்படியானால் குறைந்த வோல்ட்டில் வைத்தால் போதாதா?

சோதனைக் கூடத்தில் இயந்திரம் புகையை இழுக்கும்போது குறைந்த வோல்ட்டில் குறைந்த நச்சு வெளிவருகிறது. இயந்திரத்துக்கு நிகோடின் ஏக்கம் இல்லை. மனிதருக்கு உண்டு. உங்கள் மூளை ஒரு குறிப்பிட்ட அளவு நிகோடினுக்குப் பழகியிருக்கிறது. ஓர் இழுப்பில் கிடைப்பது குறைந்தால் மேலும் நீளமாக இழுக்கவும் மேலும் அடிக்கடி இழுக்கவும் அது உங்களைத் தூண்டும்.

இலண்டன் சவுத் பேங்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. பழக்கப்பட்ட 20 பேருக்கு மில்லி லிட்டருக்கு 6 மில்லி கிராம் நிகோடின் உள்ள திரவத்தையும் 18 மில்லி கிராம் உள்ள திரவத்தையும் வெவ்வேறு வாரங்களில் கொடுத்துப் பார்த்தார்கள். நிகோடின் குறைந்த திரவத்தைப் பயன்படுத்தியபோது அவர்கள் அதிக முறை இழுத்தார்கள். ஒவ்வோர் இழுப்பும் நீண்டது. கருவியின் ஆற்றலை மாற்ற வாய்ப்பு கொடுத்தபோது அதையும் உயர்த்திக்கொண்டார்கள். தாங்கள் இவ்வாறு செய்வதைப் பெரும்பாலானோர் உணர்ந்திருக்க மாட்டார்கள்.

மூட்டு வலி மாத்திரையின் அளவைப் பாதியாக்கிவிட்டு இருமடங்கு முறை விழுங்குபவர் மருந்தைக் குறைத்ததாகக் கருத முடியாது. வோல்ட் குமிழும் அத்தகையதே. அது ஒரு மருந்தளவுக் குமிழ். ஆனால் அதன் அளவை எந்த மருத்துவரும் நிர்ணயிக்கவில்லை. உள்ளே செல்வது என்ன என்பதை எவரும் அளக்கவும் இல்லை.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் கருவிகளில் குமிழே இருக்காது. "என்னுடையதில் வோல்ட் மாற்றும் வசதி இல்லை, எனவே எனக்கு அந்த ஆபத்து இல்லை" என்று அதனால் கருத வேண்டாம். அளவு இல்லாமல் இல்லை. அதைத் தயாரித்தவர் நிர்ணயித்திருக்கிறார். அது எவ்வளவு என்பது பல கருவிகளில் அச்சிடப்பட்டிருப்பதும் இல்லை.

பேட்டரி தீர்ந்து வரும்போது என்ன நடக்கிறது?

இக்கருவிகளில் பெரும்பாலும் இருப்பது லித்தியம் அயான் பேட்டரி. அதன் பெயரளவு மின்னழுத்தம் 3.7 வோல்ட். முழுமையாகச் சார்ஜ் ஏறியிருக்கும்போது அது 4.2 வோல்ட் தரும். பயன்படுத்தப் பயன்படுத்த 3.2 வோல்ட் அளவுக்கு இறங்கும். கட்டுப்பாட்டுச் சுற்று உள்ள கருவிகளில் வெளிவரும் ஆற்றல் ஓரளவு சீராக இருக்கும். அச்சுற்று இல்லாத எளிய கருவிகளில் பேட்டரி இறங்க இறங்கச் சுருளின் வெப்பமும் இறங்கும். மேலே சொன்ன 1.8 ஓம் சுருளில் காலையில் 9.8 வாட் கிடைத்தால், பேட்டரி தீரும் தறுவாயில் 5.7 வாட்தான் கிடைக்கும். புகை மெலிந்துவிட்டது என்று பயன்படுத்துபவர் நீளமாக இழுப்பார். பகல் முழுவதும் ஒரே அளவைப் பயன்படுத்துவதாக அவர் நினைத்திருப்பார். உடலோ வேளைக்கு ஓர் அளவைப் பெற்றிருக்கும்.

பேட்டரியின் மொத்த ஆயுளும் வரம்புக்கு உட்பட்டது. சில நூறு முறை சார்ஜ் ஏற்றி இறக்கிய பின் அதன் கொள்ளளவு குறையத் தொடங்கும். வெப்பம், முழுவதும் தீரும் வரை பயன்படுத்துவது, பொருந்தாத சார்ஜர் ஆகியவை அதன் ஆயுளை மேலும் குறைக்கும். விரைவில் தீர்ந்துபோவது, சார்ஜ் ஏறும்போது வழக்கத்துக்கு மாறாகச் சூடாவது, உடல் உப்புவது, இனிப்பான அல்லது கரைப்பான் போன்ற நெடி வீசுவது ஆகியவை கெட்டுப்போன பேட்டரியின் அடையாளங்கள். இவற்றில் உப்பலும் நெடியும் தெரிந்தால் அந்தக் கருவியை மீண்டும் சார்ஜ் செய்யக் கூடாது.

அது ஏன் வெடிக்கிறது?

லித்தியம் அயான் பேட்டரிக்குள் எளிதில் தீப்பற்றும் திரவம் இருக்கிறது. நேர்முனையையும் எதிர்முனையையும் ஒரு மெல்லிய படலம் பிரித்து வைத்திருக்கிறது. கீழே விழுந்து நசுங்குதல், அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறுதல், கடும் வெப்பம், தயாரிப்புக் குறை ஆகியவற்றால் அப்படலம் கிழிந்தால் உள்ளேயே மின்சுற்று குறுகிவிடும். அந்த வெப்பம் மேலும் வேதிவினைகளைத் தூண்டும்; அவை மேலும் வெப்பத்தைத் தரும். சில நொடிகளில் இச்சங்கிலி கட்டுப்பாட்டை மீறிவிடும்.

கைபேசியிலும் இதே வகைப் பேட்டரி இருக்கிறதே என்று கேட்கலாம். வேறுபாடு வடிவத்தில் இருக்கிறது. மின்னணு சிகரெட் பெரும்பாலும் உருளை வடிவம் கொண்டது. உருளையின் இரு முனைகளே அதன் வலுவற்ற பகுதிகள். உள்ளே அழுத்தம் கூடும்போது முனை பிய்த்துக்கொண்டு, பேட்டரி தீயுடன் எறிபொருள்போலப் பாய்கிறது. அந்நேரத்தில் அது முகத்துக்கு அருகிலோ தொடையை ஒட்டிய சட்டைப்பையிலோ இருக்கிறது.

அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2017இல் வெளியிட்ட அறிக்கை, 2009 முதல் 2016 வரை அந்நாட்டில் செய்திகளில் பதிவான 195 தீ மற்றும் வெடிப்பு நிகழ்வுகளைத் தொகுத்தது. அவற்றில் 61 நிகழ்வுகள் கருவியோ உதிரிப் பேட்டரியோ சட்டைப்பையில் இருந்தபோது நேர்ந்தன; 60 பயன்படுத்தும்போதும், 48 சார்ஜ் ஏறும்போதும் நேர்ந்தன. பையில் கிடக்கும் சாவிக்கொத்தும் நாணயங்களும் உதிரிப் பேட்டரியின் இரு முனைகளையும் இணைத்துவிட்டால், சட்டைப்பை விபத்து நேர அதுவே போதும்.

வாஷிங்டன் பல்கலைக்கழகத் தீக்காயப் பிரிவினர், 2015 அக்டோபர் முதல் 2016 ஜூன் வரை இத்தகைய வெடிப்பில் காயமுற்று வந்த 15 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். 80 சதவீதத்தினருக்குத் தீக்காயமும், 33 சதவீதத்தினருக்குப் பேட்டரித் திரவத்தால் வேதிக்காயமும், 27 சதவீதத்தினருக்கு வெடிவிசைக் காயமும் இருந்தன. 2019இல் வெளியான ஒரு மருத்துவக் குறிப்பு, கருவி வாயருகே வெடித்ததால் கீழ்த்தாடை எலும்பு நொறுங்கிய 17 வயது இளைஞரைப் பற்றியது. 2018இலும் 2019இலும் அமெரிக்காவில் இவ்வெடிப்புகளால் உயிரிழப்புகளும் நேர்ந்துள்ளன. பயன்பாட்டில் உள்ள கருவிகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் வெடிப்பு அரிது. ஆனால் நேரும்போது காயம் கடுமையாக இருக்கிறது; அது அருகில் இருப்பவர்களையும் விட்டுவைப்பதில்லை.

பராமரிப்பாளர்கள் கவனிக்க வேண்டியவை

• ஆக்சிஜன் செறிவூட்டியோ சிலிண்டரோ பயன்படுத்தும் நோயாளியின் அறையில் மின்னணு சிகரெட்டைப் பயன்படுத்தவோ சார்ஜ் செய்யவோ அனுமதிக்காதீர்கள். சூடான சுருள் ஒன்றே ஆக்சிஜன் நிறைந்த துணியிலும் தலைமுடியிலும் தீ மூள வைக்கும். சுடர் இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்று எண்ண வேண்டாம்.
• படுக்கை, தலையணை, சோபா ஆகியவற்றின் மீது சார்ஜ் ஏற விடாதீர்கள். அனைவரும் உறங்கும்போது சார்ஜில் விட்டுவைக்கக் கூடாது.
• பேனா, பென் டிரைவ், தடித்த மார்க்கர் போன்ற உருவங்களிலும் இக்கருவிகள் வருகின்றன. வீட்டில் அறிமுகமில்லாத கருவியைக் கண்டால் அதைப் பிரிக்கவோ நசுக்கவோ அடுப்பில் போடவோ வேண்டாம்.
• உப்பிய அல்லது சேதமுற்ற கருவியை உலர்ந்த மணல் நிரப்பிய உலோகப் பாத்திரத்தில் இட்டு, தீப்பற்றும் பொருள்களிலிருந்து விலக்கி வீட்டுக்கு வெளியே வையுங்கள்.
• பேட்டரியை அன்றாடக் குப்பையில் போடாதீர்கள். முனைகளை ஒட்டுநாடாவால் மூடி, மின்னணுக் கழிவு சேகரிக்கும் மையத்தில் ஒப்படையுங்கள்.
• திரவத்தைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். சிறிதளவு விழுங்கினாலும் குழந்தைக்கு நஞ்சாகும். வாந்தி, உமிழ்நீர் பெருகுதல், வியர்வை, வெளிறிய முகம், நடுக்கம் ஆகியவை தொடக்க அறிகுறிகள். பின்னர் வலிப்பும் மூச்சுத் தளர்ச்சியும் வரலாம். வாந்தி எடுக்கத் தூண்டாமல் உடனே 108ஐ அழையுங்கள். திரவப் புட்டியையும் உடன் கொண்டு செல்லுங்கள். திரவம் தோலில் பட்டால் சோப்பும் நீரும் கொண்டு கழுவுங்கள்.

வெடித்துக் காயம் ஏற்பட்டால் முதலுதவி

1. கருவியிலிருந்து விலகுங்கள். மீண்டும் தீப்பற்றக்கூடும் என்பதால் அதைக் கையில் எடுக்க வேண்டாம். தீ பரவினால் அனைவரும் வெளியேறி 101ஐ அழையுங்கள்.
2. எரிந்த ஆடையையும் பேட்டரித் திரவம் பட்ட ஆடையையும் அகற்றுங்கள். தோலில் ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்க வேண்டாம். மோதிரம், கடிகாரம் ஆகியவற்றை வீக்கம் வருமுன் கழற்றுங்கள்.
3. பேட்டரித் துகள்கள் தோலில் கிடந்தால் முதலில் உலர்ந்த துணியால் தட்டி அகற்றுங்கள். பின்னர் ஓடும் குழாய் நீரை 20 நிமிடம் தொடர்ந்து ஊற்றுங்கள்.
4. கண்ணில் பட்டால் இமைகளைத் திறந்து பிடித்து, குறைந்தது 20 நிமிடம் தூய நீரால் கழுவுங்கள். கண்ணைத் தேய்க்க வேண்டாம்.
5. பனிக்கட்டி, பற்பசை, மை, மஞ்சள், இட்லி மாவு, எண்ணெய் ஆகிய எதையும் பூச வேண்டாம். தூய உலர் துணியால் தளர்வாக மூடி, 108 வாயிலாக மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.
6. "பேட்டரி வெடித்து ஏற்பட்ட காயம்" என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். பேட்டரித் திரவத்தின் எச்சம் தோலை அரித்துக்கொண்டே இருக்கலாம். இதைத் தெரிந்துகொண்டால்தான் காயத்தின் அமில, காரத் தன்மையைச் சோதித்து அதற்கேற்பக் கழுவ முடியும். வெளியில் சிறியதாகத் தெரியும் காயமும் ஆழமாக இருக்கக்கூடும்.

நெஞ்சு அறிகுறிகள் தோன்றினால்

மின்னணு சிகரெட் பயன்படுத்துபவருக்கு இருமல், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, காய்ச்சல், வாந்தி ஆகியவை சில நாள்களில் வலுத்துவந்தால் காலம் தாழ்த்தாமல் மருத்துவரை அணுகுங்கள். அமெரிக்காவில் 2019இல் பரவலாகக் கண்டறியப்பட்ட நுரையீரல் பாதிப்பு இவ்வாறுதான் தொடங்கியது. 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர் அல்லது இறந்தனர். அவர்களில் உயிரிழந்தவர்கள் 68 பேர். கஞ்சாச் சாறு கலந்த திரவங்களில், பெரும்பாலும் முறைசாரா வழிகளில் வாங்கப்பட்டவற்றில், சேர்க்கப்பட்டிருந்த வைட்டமின் ஈ அசிட்டேட் அதற்கு வலுவான காரணமாகக் கண்டறியப்பட்டது. எங்கிருந்து வந்தது என்று தெரியாத திரவத்தை எந்த வோல்ட்டில் சூடாக்கினாலும் அந்த ஐயம் நீங்காது.

நீங்கள் மின்னணு சிகரெட் பயன்படுத்துவதை மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். எவ்வளவு காலமாக, ஒரு நாளில் எத்தனை முறை, காலையில் எழுந்து எவ்வளவு நேரத்துக்குள் முதல் இழுப்பு ஆகிய மூன்று விவரங்களும் சிகிச்சையைத் திட்டமிட உதவும். அறுவை சிகிச்சைக்கு முன் மயக்க மருத்துவரிடமும் இதைக் கூறுங்கள்.

சிகரெட்டை விடுவதற்காகத்தானே இதைத் தொடங்கினேன்?

பலர் நல்ல எண்ணத்துடன் இவ்வாறு தொடங்கியிருக்கிறார்கள். பிரிட்டன் போன்ற சில நாடுகளில், புகைபிடிப்பவர்கள் சிகரெட்டிலிருந்து விலக இக்கருவி ஓர் உதவியாக ஏற்கப்படுகிறது. அங்கு நிகோடின் அளவு மில்லி லிட்டருக்கு 20 மில்லி கிராமுக்கு மிகக் கூடாது என்பது உள்ளிட்ட கட்டுப்பாடுகள் உள்ளன. இங்குக் கைக்கு வரும் கடத்தல் கருவிக்கு அத்தகைய கட்டுப்பாடு எதுவும் இல்லை. ஆகவே அந்நாட்டு அறிவுரையை இந்தக் கருவிக்குப் பொருத்த இயலாது. புகைபிடித்தலுக்குத் திரும்புவதும் தீர்வாகாது. இரண்டையும் விடுவதே குறிக்கோளாக இருக்க வேண்டும்.

விடுபடுவது எப்படி?

நிகோடினை நிறுத்திய முதல் இரண்டு, மூன்று நாள்களில் எரிச்சல், அமைதியின்மை, உறக்கமின்மை, மிகுந்த பசி ஆகியவை உச்சத்தில் இருக்கும். இரண்டு முதல் நான்கு வாரங்களில் அவை தணியும். ஒவ்வோர் ஏக்கமும் சில நிமிடங்களில் கடந்துபோகக்கூடியது. அந்தச் சில நிமிடங்களைக் கடக்க ஒரு குவளை நீர், சிறு நடை, நம்பிக்கைக்குரிய ஒருவருடன் பேச்சு ஆகியவை கைகொடுக்கும்.

தேவைப்படுபவர்களுக்கு மருந்துகள் உண்டு. நிகோடின் பசைமிட்டாயும் நிகோடின் ஒட்டுப்பட்டையும் அளவறிந்த நிகோடினைத் தருகின்றன. சூடாக்கப்பட்ட வேதிப்பொருள்கள் நுரையீரலுக்குள் செல்வதில்லை. பசைமிட்டாயைத் தொடர்ந்து மெல்லாமல் சில முறை மென்று, காரச் சுவை வந்ததும் கன்னத்தின் ஓரத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். வரெனிக்லின், புப்ரோப்பியான் ஆகிய மாத்திரைகளை மருத்துவர் பரிந்துரைத்தால் மட்டுமே உட்கொள்ள வேண்டும். வலிப்பு நோய் உள்ளவர்களுக்குப் புப்ரோப்பியான் ஏற்றதன்று. கருவுற்றவர்கள், இதய நோயாளிகள், 18 வயது நிறையாதவர்கள் எந்த மருந்தையும் தாமாகத் தொடங்கக் கூடாது.

உதவி பெறும் வழிகள்:

• 1800-11-2356: தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண்
• 011-22901701: இந்த எண்ணுக்குத் தவறிய அழைப்பு விடுத்தால் குறுஞ்செய்தி வழியாக வழிகாட்டுதல் கிடைக்கும்
• 104: தமிழ்நாட்டில் மருத்துவ ஆலோசனை
• 14416: மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றுக்கு டெலி மானஸ் மனநல ஆலோசனை

சட்டம் என்ன சொல்கிறது?

2019ஆம் ஆண்டு மின்னணு சிகரெட்டுகள் தடைச் சட்டம், இவற்றின் உற்பத்தி, இறக்குமதி, ஏற்றுமதி, போக்குவரத்து, விற்பனை, விநியோகம், விளம்பரம் ஆகியவற்றைத் தடை செய்கிறது. முதல் முறை மீறினால் ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். மீண்டும் மீறினால் மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து இலட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. இருப்பு வைத்திருப்பதும் தண்டனைக்குரியது. இணையவழி விற்பனையும் இத்தடைக்கு உட்பட்டதே.

பெற்றோருக்கு ஒரு சொல்

மகனுடைய பையில் இக்கருவியைக் கண்ட அன்று கோபம் வருவது இயல்பு. ஆயினும் அன்றைய உரையாடல் எவ்வாறு அமைகிறது என்பதைப் பொறுத்தே அடுத்த முறை அவன் உங்களிடம் உண்மையைச் சொல்வதும் மறைப்பதும் அமையும். "எவ்வளவு நாளாக?" என்று அமைதியாகக் கேளுங்கள். "விட முயன்றாயா?" என்றும் கேளுங்கள். பலர் முயன்றிருப்பார்கள், தனியாக முயன்று தோற்றிருப்பார்கள். அடுத்த முயற்சியில் நீங்கள் உடன் இருங்கள். அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அழைத்து வாருங்கள்.

"எத்தனை வோல்ட்டில் வைக்கலாம்?" என்ற கேள்விக்கு மருத்துவரால் ஓர் எண்ணைத் தர இயலாது. "எந்த நாளில் நிறுத்தலாம்?" என்று கேளுங்கள். அதற்கு உங்களுடன் அமர்ந்து ஒரு தேதியைக் குறித்துத் தர முடியும்.